அப்பாவின் எட்டாம் நம்பர் துவக்கு

போன கிழமை உங்களில் ஒருத்தி தன் தம்பியின் கலியாண அழைப்பிதழை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். பாட்டுப் பாடுகிறது, பூக் கொட்டுகிறது, மாப்பிள்ளையும் பொம்பிளையும் கைகோத்து ஆடுகிறார்கள். வடிவுதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அதை விரலால் வளைத்து, மட்டை நல்ல தடிப்பா என்று பார்க்க முடியுமா? அதில் வட்டம் வெட்ட முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு கலியாணத்தின் தராதரத்தை அப்படித்தான் அளந்தோம். சிரிக்க வேண்டாம், சொல்லுகிறேன்.

நாமெல்லாம் வெளிநாட்டில், டண்டினொங் பக்கத்தில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் யாரோ ஒருவரின் பிறந்தநாள். உங்கள் அப்பாமாரில் சிலருக்குக் கிரிக்கெட் பைத்தியம், சிலருக்குச் சீட்டு, மிச்சப் பேருக்குச் சங்கத் தேர்தல். என் அப்பாவுக்குத் துவக்கு. உங்களில் ஒருவருக்கும் இது தெரியாது, ஏனென்றால் வெளியில் மூச்சு விட்டால் தோலை உரிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தார். இப்போது அம்மாவே சம்மதம் தந்துவிட்டார். "எழுது, எழுது. ஆனால் நான் பயந்தனான் எண்டு மட்டும் எழுதாதை" என்றார். ஆகவே, அம்மா பயப்படவே இல்லை.

துவக்கு என்றதும் படத்தில் வருகிறதை நினைக்காதீர்கள். இது நூறு வருஷத்துக்கும் மேலே பழசு. இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. பின்பக்கம் பெருவிரலால் இழுத்துவிடுகிற, தோட்டாவை அடிக்கிற இரண்டு குதிரைகள், பூ வேலை செய்த வெள்ளித் தகடு, கருமை ஏறிய மரப்பிடி. குழலின் இரும்பில் பட்டுச் சேலைக் கரை போல நெளிநெளியாக ஒரு கோலம் ஓடும். சாதாரணமாக ஆட்களிடம் இருப்பது பன்னிரண்டாம் நம்பர். இந்தக் கணக்கில் நம்பர் குறையக் குறையக் குழல் பெருக்கும். அப்பாவினுடையது எட்டாம் நம்பர். இரண்டு டொலர்க் காசு அதன் வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு காலத்தில் சதுப்பு நிலத்தில் கிடந்து வாத்துக் கூட்டத்தைச் சுடுவதற்கென்று செய்தது. தூக்கினால் சந்தையில் வாங்கிய அரிசிப் பைபோல் கை இறங்கும்.

கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு பண்ணை ஏலத்தில் அப்பா அதைக் கண்டார். ட்ராக்டருக்கு அடிபட்டுக்கொண்டிருந்த சனம் இதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது, வீட்டில்தான் செய்ய வேண்டும். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஆசை இரண்டு மடங்காகியது. டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்கிற வேலை அவருக்கு. கடையில் கிடைக்காத சாமான் என்றால் கை பரபரக்கும். ஏற்கெனவே சுட முடியாத இரண்டு பழந்துவக்குகளை வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். இது சுடக்கூடியது. லைசென்ஸ், துவக்குக் கழகத்தில் உறுப்புரிமை, கராஜ் நிலத்தோடு பூட்டிய இரும்பு அலுமாரி எல்லாம் முறைப்படி செய்தார்.

அம்மா அலுமாரியை ஒரு தரம்தான் பார்த்தார்.

"பிள்ளையள் இருக்கிற வீட்டிலை உது என்னத்துக்கு?"

"இஞ்சை பாரும், இது துவக்கெண்டு நினையாதையும். ஒரு பழைய மணிக்கூடு எண்டு நினையும்."

"மணிக்கூட்டாலை ஆரையும் சுடேலாது."

அம்மா சும்மா கரைச்சல் கொடுக்கிறார் என்று அப்போது நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடியில், பஸ்ஸை விட்டு இறக்கி வரிசையில் நிற்கவைத்து, நெஞ்சுக்கு நேரே நீட்டிய துவக்குக்கு முன்னால் அடையாள அட்டையைத் தேடிய பெண் அவர். எனக்குப் பத்து வயது, எனக்கு என்ன தெரியும்? அப்பாவுக்கு அது தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஆனால் அந்தக் கராஜ்! சந்தோஷம் என்றால் எனக்கு இன்றும் அந்த இடம்தான். ஞாயிறு காலை, ரேடியோவில் கிரிக்கெட், மூலையில் மின்சார ஹீட்டர், மேசையில் நிரையாக வெறும் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள். நம் தேத்தண்ணிக் கோப்பை உயரம் இருக்கும் ஒவ்வொன்றும். வெடிமருந்தும் ஈயக் குண்டும் அப்பாவின் பொறுப்பு. அந்தப் பெட்டியைத் தொட்டால் கை முறியும். என் பொறுப்பு அடைப்பு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைக்கும் தடித்த வட்டங்களை பழைய உடுப்புக் கடையில் வாங்கிய கம்பளித் தொப்பிகளில் வெட்டினோம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு சால்வேஷன் கடையிலும் தொப்பி மிஞ்சவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, குண்டு கொட்டாமல் மூடுகிற மெல்லிய வட்டத்துக்கு நல்ல மட்டை வேண்டும். வட்டம் வெட்டும் உளியை அப்பா தொழிற்சாலைக் கடைசலில் தானே செய்தார். சுத்தியலால் ஒரு தட்டு, டக்கென்று ஒரு வட்டம். வீடு மாறின இடத்தில் அந்த உளி எங்கே தொலைந்ததோ, இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

மட்டைக்கு எங்கே போவது? சீரியல் பெட்டி வளைந்தது. சப்பாத்துப் பெட்டி தடித்துவிட்டது. ஒருநாள் அப்பா ஒன்றைக் கொண்டுவந்தார், அச்சொட்டாகப் பொருந்தியது. திருப்பிப் பார்த்தேன், "திருநிறைச்செல்" என்று இருந்தது.

கலியாண அழைப்பிதழ். அம்மா ஒன்றையும் எறியமாட்டார். பிள்ளையார் படம் இருக்கிறது, நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருக்கிறது, குப்பையில் போட்டால் பாவம். உங்கள் வீடுகளிலும் ஒரு பெட்டி இருந்திருக்கும். எங்கள் பெட்டியில் ஈழத்தில், கனடாவில், லண்டனில் கட்டின அத்தனை பேரும் இருந்தார்கள். அப்பா முதலில் சாமிப் படங்களைக் கத்தரிக்கோலால் பக்குவமாக வெட்டியெடுத்து ஒரு உறையில் போட்டுச் சாமித் தட்டுக்குப் பின்னால் வைத்தார். "சாமியைச் சுடக்கூடாது, பிள்ளை. மற்ற ஆக்களைச் சுடலாம்." லண்டன்காரரின் மட்டைதான் திறம். கனடாக்காரர் பளபளவென்று அடிப்பார்கள், வெட்டினால் ஓரம் பிசிறும். ஒரு தோட்டாவின் வாயில் மணமகனின் பட்டம், அடுத்ததில் சுபமுகூர்த்த நேரம், மற்றதில் "சுற்றமும் நட்பும் சூ" வரை. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது சனிக்கிழமைப் பள்ளியில் இல்லை, அங்கேதான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருஷம், இங்கே குளிர்காலமான ஜூனில், அக்காவின் கலியாணப் பேச்சு வந்தது. அக்கா பல்கலைக்கழகம் முடிக்கிற நேரம். கூடப் படித்த பெடியன், வீடு சிட்னியில் மெரிலேண்ட்ஸ். இரண்டு பேரும் விரும்பியதை இரண்டு வீடும் தெரியாதது மாதிரிக் காட்டிக்கொண்டு, சாதகம் பார்த்து, பொருத்தம் என்று சொல்லி, பேசிச் செய்கிற கலியாணமாக மாற்றிவிட்டார்கள். பெடியனின் அப்பா சரி. சரிசொல்ல வேண்டியது பெடியனின் அம்மா. அந்த அன்ரி பற்றி வந்த கதைகளைக் கேட்டு எங்கள் வீடு நடுங்கியது. ஒரு வீட்டில் தேத்தண்ணிக்கு ஏலக்காய் கூடிவிட்டது என்று மூத்த மகனின் கலியாணப் பேச்சையே குழப்பியவவாம். "வீட்டைப் பாக்காமல் வாய் திறக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாராம். திங்களும் லீவான நீண்ட வார இறுதியில் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

அம்மா கட்டளை போட்டார்.

"அவை வந்து போகுமட்டும் ஒருத்தரும் கராஜ் பக்கம் போகக் கூடாது. துவக்கு வைச்சிருக்கிற வீட்டிலை ஆர் பொம்பிளை எடுப்பினம்? அடுத்த கிழமை விலை கேட்ட அந்தப் பலராட்காரனுக்குச் சொல்லி உதை வித்துப்போட வேணும். இதுதான் என்ரை கடைசிக் கதை."

"பாப்பம்" என்றார் அப்பா. திங்கட்கிழமைதான் கழகத்தின் பழந்துவக்குச் சுடும் நாள் என்பதை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்து, "நீ ஏதாவது சொன்னாய் எண்டால், ஐ வில் கில் யூ" என்றாள். அவளுடைய கை குளிர்ந்திருந்தது. அந்தப் பெடியன் இல்லையென்றால் அவள் ஆளாக இருக்கமாட்டாள் என்று எனக்கே விளங்கியது.

ஞாயிறு காலை அப்பா பிழைவிட்டார். திங்கள் சுடுவதற்கு வேண்டியதை நிரப்பிப் பூட்டிவைத்திருந்தார். மிச்சக் கோதுகள் கறுத்துக் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அம்மா குளிக்கிற நேரம் பார்த்து, குசினியில் பழப்புளி எடுத்து, நம் ஆட்கள் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரித் தேய்தேய் என்று தேய்த்தார். பொன்னாக மின்னியது. தண்ணீர் வடிய, கோப்பைகள் கவிழ்க்கிற தட்டில் கவிழ்த்துவிட்டு, உடுப்பு மாற்றி வெளிக்கிட ஓடிவிட்டார். காய்ந்ததும் எடுக்க நினைத்தார். மறந்துபோனார்.

வந்தார்கள். அன்ரி சின்ன உருவம், பச்சைப் பட்டுச் சேலை, கம்பளிச் சட்டை, கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை. அங்கிள் கதிரையில் இருந்து பயற்றம் பணியாரத்தோடு நட்பானார். பெடியன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்துவம். கோயில்லை இருந்து கொண்டந்தனான்" என்றார் அன்ரி. "குத்தி வைக்க என்னவும் கிடக்கோ?"

"பொறுங்கோ, எடுத்துத் தாறன்" என்று அம்மா எழும்ப முதல் அன்ரி குசினிக்குள் போய்விட்டார். பின்னால் போன நான் கண்டேன். தட்டில் மின்னிக்கொண்டிருந்த கோது ஒன்றை எடுத்தார். வாய்க்குள் பார்த்தார், அடியைப் பார்த்தார், மூக்கில் வைத்தார். பிறகு அரிசி வாளியைத் திறந்து ஒரு பிடி அரிசி நிரப்பி, ஊதுபத்தி குத்தி, துணி அலுமாரிச் சாமித் தட்டில் இருந்த எங்கள் பிள்ளையாருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டார்.

அப்பாவின் முகம் சாம்பலாகியது. அக்கா என் காலை மிதித்தாள், நான் சிரித்துவிடுவேன் என்று.

"நல்ல பாரமான பித்தளை" என்றார் அன்ரி.

"ஓம், ஓம்" என்றார் அம்மா. "ஊரிலையிருந்து கொண்டந்தது."

"அப்பிடியோ."

பேச்சு நடந்தது. காலநிலை, வீட்டு விலை, யார் யாருக்கு என்ன சொந்தம். நாங்கள் நாலு பேரும் அந்த ஊதுபத்தி எப்போது எரிந்து முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவால் தாங்க முடியவில்லை. சட்டென்று கேட்டார்: "எங்கடை பக்கத்திலை என்ன செய்யவேணும் எண்டு சொன்னியள் எண்டால்..."

அப்பா தொண்டையைச் செருமினார். "சீதனம் எண்ட கதை எங்களிட்டை இல்லை. நான் சங்கக் கூட்டத்திலையும் சொன்னனான். கேக்கிற வீட்டுக்குப் பொம்பிளை குடுக்கிறேல்லை."

"எங்களிட்டையும் வாங்கிற பழக்கம் இல்லை" என்றார் அன்ரி. "ஆனால் நான் ஒரேயொரு சாமான் கேப்பன்."

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"உந்த ஊதுபத்தி நிக்கிற கோது எந்தத் துவக்கின்ரையோ, அந்தத் துவக்கு." அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஊரிலையிருந்து கொண்டந்தது எண்டியள். ஊரிலை உவ்வளவு பெரிய வாய் உள்ள துவக்கு நான் காணேல்லை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அங்கிள் மட்டும் இன்னொரு பணியாரம் எடுத்தார். இப்படியானவைக்குப் பழகினவர் போல.

அப்பா எழுந்துபோய்க் கொண்டுவந்தார். கொலைக் குற்றவாளி ஆயுதத்தை ஒப்படைக்கிற மாதிரி நடந்து வந்தார். அன்ரி வாங்கியதும் முதல் வேலையாகத் துவக்கை நடுவில் முறித்துத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்து, குழல்களை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். அதைக் கண்டதும் அப்பாவின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. ஏழெட்டு வருஷமாக இந்த நாட்டில் ஒரு தமிழரும் அப்படிச் செய்து அவர் காணவில்லை.

"எங்கடை வயல் வவுனியாப் பக்கம்" என்றார் அன்ரி. "பயிரைத் தின்னக் காட்டுப்பண்டி வரும். என்னைப் பெத்த ஐயாவிட்டை இரட்டைக் குழல் இருந்தது. பின்னேரத்திலை தோட்டா அடைக்கிறது நான். கோதைத் துடைச்சு, மருந்து போட்டு, காகிதம் இடிச்சு, சன்னம் போட்டு, மெழுகு ஊத்தி, எல்லாம் நான். சுடுறது அண்ணைமார். ஒருக்காக் கேட்டன், எனக்கும் ஒரு வெடி தாங்கோ எண்டு. பொம்பிளைப் பிள்ளை துவக்குச் சுட்டால் ஆர் கட்டுவான் எண்டு ஐயா சொன்னார். பிறகு எல்லாத் துவக்கையும் பொலிசிலை குடுக்கச் சொன்னாங்கள், எங்கடையும் போயிட்டுது." துவக்கை மடியில் வைத்துக்கொண்டார். "கட்டி முப்பது வருஷம். இனி ஆருக்குப் பயம்? இதைத் தாங்கோ, எனக்குச் சம்மதம்."

"அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?" என்றான் பெடியன், சப்பாத்தைப் பார்த்தபடியே.

அம்மாவின் கண்கள் திறந்தன. அக்காவுக்குக் கலியாணம், வீட்டை விட்டுத் துவக்கு போகிறது, ஒரே நாளில் இரண்டும். "குடுங்கோவன்" என்றார் அப்பாவைப் பார்த்து, எவ்வளவு இனிமையாக!

அப்பா குனிந்து, அன்ரியின் மடியில் கிடந்த துவக்கில் கை வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் அவருடைய கை அந்த மரப்பிடியை விடாமல் பிடித்திருந்தது.

"சீதனமாத் தரமாட்டன்" என்றார். "பிள்ளைக்கு விலை வைக்கிறேல்லை."

"அப்பா, ஜஸ்ட் கிவ் இட்" என்றாள் அக்கா. தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

"குறுக்கை கதையாதை, பிள்ளை. சீதனமாத் தரமாட்டன். சும்மா கேட்டால் தாறன். இப்பவே தாறன்." மரப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

அன்ரி கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். "சும்மா வாங்க எனக்கும் ஏலாது. முதல் சுட்டுப் பாக்கிறன். அதுக்குப் பிறகு என்ரை முடிவைச் சொல்லுறன். எங்கை சுடலாம்?"

இப்படித்தான் திங்கட்கிழமை காலை, இரண்டு கார் நிறையத் தமிழர், கோயிலுக்குப் போகிற உடுப்போடு, கழகத்தின் புல்வெளியில் போய் இறங்கினோம். மூக்குச் சிவந்த கழகச் செயலாளர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் உறுப்பினர் நிற்க விருந்தாளியும் சுடலாம் என்றார். மற்றக் கிழவர்கள் தங்கள் பழந்துவக்குகளை வைத்துவிட்டு வந்து நிரையில் நின்றார்கள். அம்மா காதுக்குள் பஞ்சு வைத்து, அதற்கு மேல் காதுமூடி போட்டு, காருக்குப் பின்னால் நின்றார். பயத்தில் இல்லை.

அன்ரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். காலில் பெடியனின் ஓட்டச் சப்பாத்து. அப்பா ஒரு குழலில் மட்டும் தோட்டா போட்டுக் கொடுத்தார்.

"அண்ணை, இதுக்குள்ளை என்ன அடைச்சிருக்கிறியள்?"

"கம்பளித் தொப்பி" என்றார் அப்பா. மிச்சத்தைச் சொல்லவில்லை.

"தோளோடை இறுக்கிப் பிடியுங்கோ. உதைக்கும்" என்றார் அப்பா திரும்பவும்.

"உதைக்கட்டும். உதை வாங்காமலோ ஒரு குடும்பம் நடத்தினனான்?"

அங்கிள் மெல்லுவதை நிறுத்தினார். அன்ரி குதிரையை இழுத்தார், "ம்" என்றார். குறிக்காக எறிந்த செம்மஞ்சள் களிமண் தட்டு ஒன்று வானத்தில் எழும்பியது. அன்ரியின் குழல் அதோடு சேர்ந்து எழும்பியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? வெடி மாதிரி இல்லை. ஒரு பெரிய வீட்டின் கதவு காற்றுக்கு அறைந்து சாத்துகிற மாதிரி. வயிற்றுக்குள் கேட்டது. அவித்த முட்டை மணத்தோடு வெள்ளைப் புகை திரண்டு அன்ரியை அப்படியே விழுங்கிவிட்டது. தட்டுக்கு என்ன நடந்தது, ஆளுக்கு என்ன நடந்தது, ஒன்றும் தெரியவில்லை. முதலில் கிழவர்களின் ஆரவாரம் கேட்டது. பிறகு புகை விலக, தூரத்தில் தட்டு தூளாகிக் கொட்டியிருந்தது. அன்ரி புல்லில் கால் நீட்டி இருந்துகொண்டு, துவக்கை மடியில் வைத்துச் சிறுபிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "அடிச்சுப்போட்டன்" என்றார். "ஐயா, நான் அடிச்சுப்போட்டன்."

காருக்குப் பின்னாலிருந்து அம்மா ஓடிவந்தார். அன்ரிக்கு முன்னால் புல்லில் கிடந்த ஒரு கருகிய வட்டத்தைக் குனிந்து எடுத்தார். வாசித்தார். "திருநிறைச்" என்றார் மெதுவாக. பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சாமிப் படத்தை வெட்டி எடுத்துப்போட்டுத்தான்..." என்று அப்பா தொடங்கினார்.

"வீட்டை வாருங்கோ" என்றார் அம்மா.

அதற்குள் அன்ரி எழுந்துவிட்டார். தோளைத் தடவிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோரும் கிட்ட வந்தார்கள், ஒரு சொல்லும் விளங்காத கிழவர்களும்கூட. அக்கா பெடியனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இரண்டு வீட்டுக்கும் முன்னால், முதல் தடவையாக. அன்ரி துவக்கை முறித்து, கோதை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"இது உங்களிட்டையே இருக்கட்டும், சம்பந்தி. எனக்கு ஒரு வெடி காணும். பொம்பிளையை மட்டும் தாங்கோ."

சம்பந்தி. அக்கா பெடியனின் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். அப்பா துவக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா கருகிய வட்டத்தைக் கைப்பைக்குள் போட்டு, பையைப் பூட்டி, அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, சம்பந்தி" என்றார். "ரெண்டையும் கொண்டுபோங்கோ."